ஊட்டி, கோத்தகிரி பக்கம் கலை பண்பாட்டு அமைப்புகள்: டிராயிங் பசங்கள எங்க கூட்டிட்டு போகலாம்?

டிராயிங் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்கூல்ல டிராயிங் எடுக்கறேன். நல்லா வரையுற பசங்க ஒரு இருபது பேர நீலகிரிக்கு கூட்டிட்டு போகலாம்னு ஹெச்.எம். கிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன். வழக்கமா ஸ்கூல் டூர்னா பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, வர்றப்ப வர்க்கி சாக்லேட், அவ்ளோதான். இந்த தடவ அங்க இருக்கற ஜனங்களோட கலைய பாக்கணும், தோடர் எம்ப்ராய்டரி, குறும்பர் ஓவியம் இதெல்லாம் யாரு நடத்துறாங்க, சங்கமா டிரஸ்டா கவர்மெண்டா, எங்க போனா செய்யறத நேர்ல பாக்கலாம்? மே மாசம் கோடை விழால மேடையில பழங்குடி நடனம் போடுவாங்கன்னு சொன்னாங்க, அதுக்கு வந்தா போதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

குன்னூர்க்காரன்:
மே மாசம் மட்டும் வேணாம் மேடம். மலர் கண்காட்சி 1896லேர்ந்து நடக்குது, நல்ல விஷயம்தான், ஆனா அந்த கூட்டத்துல இருபது பசங்கள வெச்சுகிட்டு எதையும் நின்னு பாக்க முடியாது, ரோட்லயே பாதி நாள் போயிரும். 2024லேர்ந்து இ-பாஸ் வேற வந்துருச்சு. ஸ்கூல் திறந்ததுக்கு அப்புறம் மழை விட்ட நாளா பாத்து வாங்க. முதல்ல ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவுல இருக்கற பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்துக்கு போங்க, அது கவர்மெண்டோடது, மியூசியம் இருக்கு, வெளியில ஒவ்வொரு இனத்தோட வீட்டு மாதிரியும் கட்டி வெச்சிருக்காங்க. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர்னு ஆறு இனம், இவங்க எல்லாருமே இந்த ஒரே மாவட்டத்துல இருக்காங்க, பசங்களுக்கு அத சொல்லிட்டு ஆரம்பிச்சா மீதி எல்லாம் புரியும். டவுன்லயே நீலகிரி லைப்ரரி இருக்கு, 1859ல ஆரம்பிச்சது, அந்த சிவப்பு செங்கல் கட்டிடத்த வரையறதுக்கே ஒரு காலை நேரம் ஒதுக்கலாம். ஆனா உள்ள போக முன்னாடியே லெட்டர் போட்டு கேட்டுக்கங்க, அது மெம்பர்ஸ் லைப்ரரி.

நூலும் ஊசியும்:
டீச்சர் வணக்கம். தோடர் எம்ப்ராய்டரி விக்கறதுல கொஞ்ச வருஷமா உதவி பண்றேன், அதனால அத பத்தி மட்டும் சொல்றேன். துணியில எதையும் முன்னாடியே வரையறது கிடையாது, ஃப்ரேம் கிடையாது. கொஞ்சம் முரடான வெள்ளை காட்டன், அதுல குறுக்கு இழையையும் நெடுக்கு இழையையும் ஊசி முனையால எண்ணிகிட்டே சிவப்பு, கருப்பு நூல ஓட்டுவாங்க. ஒரு இழை தப்புனா அந்த வரிசை மொத்தமும் கோணிரும், பிரிச்சு திரும்ப போடணும். முக்கியமா ஒண்ணு, நாம நல்ல பக்கம்னு நினைக்கற வழவழப்பான பக்கத்த விட நூல் கொஞ்சம் தூக்கலா மேடா தெரியற பக்கத்ததான் அவங்க மேல் பக்கமா எடுத்துக்குவாங்க. வரையுற பசங்க இத கையில வெச்சு திருப்பி திருப்பி பாக்கணும்.

இதுக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அது தானா வரல. தோடர் நல வாழ்வு சங்கம், கோத்தகிரி கீஸ்டோன் ஃபவுண்டேஷன்ங்கற தொண்டு நிறுவனம், கவர்மெண்டோட கைவினை நிறுவனம் பூம்புகார் மூணு பேரும் சேர்ந்து அப்ளை பண்ணி வருஷக்கணக்கா காத்திருந்து வாங்குனது. ஏன்னா மெஷின்ல அடிச்ச டூப்ளிகேட்ட தோடர் சால்வைன்னு கடையில வித்துகிட்டு இருந்தாங்க, இப்பவும் விக்கறாங்க, எங்க பக்கத்து கடையிலயே பாத்துருக்கேன், வயிறு எரியும். ஒரு பூத்துக்குளி, அதான் தோடர் சால்வை, முடிக்க ஒரு பொம்பள மாசக்கணக்குல உக்காரணும், அந்த விலைக்கு மெஷின் துணியோட போட்டி போடவே முடியாது. ரெண்டாயிரம் பேர் அளவுலதான் இருக்கற ஜனம் மேடம், அதுலயும் பொம்பளைங்க மட்டும் செய்யற வேலை. அவங்கள்ல ஒருத்தர் செத்தா இந்த துணியிலதான் சுத்துவாங்க, அதனால இத வெறும் கிராஃப்ட்னு பசங்க கிட்ட சொல்லாதீங்க.

மந்துக்கு, அதாவது தோடர் ஊருக்கு, நேரா வண்டிய விட்றாதீங்க. சங்கம் மூலமாவோ கீஸ்டோன் மூலமாவோ பேசிட்டு போங்க. கோயில் பக்கம் போகக்கூடாது, கேக்காம போட்டோ எடுக்கக்கூடாது. செய்யறத காட்டுனா அவங்க நேரத்துக்கு காசு குடுங்க, ஸ்கூல்னு சொல்லி ஃப்ரீயா கேக்காதீங்க.

காட்டுப்பாதை:
குறும்பர் ஓவியம் கேட்டிருந்தீங்க. குறும்பர்ல ஒரு பிரிவான ஆலு குறும்பர்கள் கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பைல இருக்காங்க, பக்கத்துலயே எழுத்துப்பாறைன்னு பழைய பாறை ஓவியம் இருக்கு. முன்ன சுவத்துலதான் போட்டாங்க, மண்ணு, மரப்பிசின், இலைச்சாறு இதுதான் கலர். அத காகிதத்துக்கு கொண்டு வர்றதுல சென்னை சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் நிறைய வேலை பண்ணிச்சு. அதே மாதிரி கூடலூர் பக்கம் உண்ணிச்செடிய (லாண்டனா) வெச்சு யானை செய்யறாங்க, பாத்துருப்பீங்க, 2021ல லண்டன் பார்க்ல நின்னுச்சே அதேதான். கம்பியில எலும்புக்கூடு மாதிரி வளைச்சுட்டு, உண்ணிக்குச்சிய தண்ணில வேக வெச்சு தோல உரிச்சு அந்த சூட்டுலயே வளைச்சு ஆணி அடிப்பாங்க. பணியர், பெட்டகுறும்பர் எல்லாம் செய்யறாங்க, ஒவ்வொண்ணும் அந்த காட்டுல நிஜமாவே திரியற ஒரு யானையோட அளவும் சாயலும். காட்ட முழுங்குற களைச்செடிய வெட்டி எடுத்து அதுலயே சம்பளம், இதவிட நல்ல ஓவிய பாடம் எனக்கு தெரியல டீச்சர்.

ஹட்டிக்காரன்:
நான் இங்க இருக்கற படகர் சமுதாயம். மேல எல்லாரும் நல்லா சொல்லிருக்காங்க, நான் அந்த மேடை விஷயத்துக்கு மட்டும் வர்றேன். கோடை விழா மேடையில எங்க ஆளுங்க வெள்ளை கட்டி ஆடுறாங்க, கோத்தர் கொம்பு ஊதறாங்க, எல்லாம் உண்மைதான், வேணாம்னு சொல்லல. ஆனா அது பத்து நிமிஷம், அடுத்த குழு மைக்குக்கு காத்துட்டு நிக்கும். எங்க ஹெத்தை ஹப்பா, அதாவது ஹெத்தை அம்மன் திருவிழா, டிசம்பர் கடைசி, ஜனவரில வரும், கோயில் இருக்கற பேரகணிக்கு ஜனங்க வெறுங்கால்ல நடந்து போவாங்க, கலெக்டர் உள்ளூர் லீவு விடுவார். அத நடத்துறது எந்த டிரஸ்டும் இல்ல, ஊர்தான். ஊர்த்தலைவர் கௌடர், ஹட்டி (எங்க ஊர்) பெரியவங்க, வீட்டுக்கு வீடு வரி. கோத்தருக்கும் அப்படித்தான், ஏழு ஊரு, அவங்க ஊதற கோல், அடிக்கற தபட்டை சத்தம் இல்லாம முன்ன எங்க வீட்டு சாவே எடுத்ததில்லன்னு எங்க அஜ்ஜி சொல்லும். பதிவு பண்ணின சங்கத்தோட லிஸ்ட் மட்டும் வெச்சுகிட்டு வந்தா இந்த மலையோட பெரிய பண்பாட்டு அமைப்ப நீங்க பாக்காமலே போயிருவீங்க. விருந்தாளியா வாங்க, சாப்பாடும் இருக்கும்.

டிராயிங் டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நான் இவ்ளோ எதிர்பாக்கவே இல்ல. கோடை விழா ஐடியாவ விட்டாச்சு. ரெண்டு நாள் தான் கெடைக்கும், முத்தோரை, கோத்தகிரி, கூடலூர் மூணும் முடியுமா? நூலும் ஊசியும் மேடம், காசு எவ்ளோன்னு அவங்ககிட்டயே கேட்டுக்கறேன், ஸ்கூல்ல தரலனா பேரண்ட்ஸ்கிட்ட பேசறேன்.

குன்னூர்க்காரன்:
ரெண்டு நாள்ல கூடலூர் சேக்காதீங்க மேடம், அது மலைக்கு அந்த பக்கம், போக வரவே ஒரு நாள் போயிரும். முதல் நாள் லைப்ரரி, முத்தோரை. ரெண்டாம் நாள் முழுசா கோத்தகிரி. அங்க ரேடியோ கோத்தகிரி 90.4 ஸ்டேஷனும் இருக்கு, பழங்குடி மொழிகள்லயே நிகழ்ச்சி போடறாங்க, பத்து பத்து பேரா உள்ள விடுவாங்களான்னு கேட்டு பாருங்க. பசங்களுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.