கதவைத் திறந்துவைத்துக் காதல் கதை எழுத வேண்டுமாம்!

நெடுங்கணக்கு:
நம் இணைய மன்றத்தின் வேறோர் இழையில் மழைக்குருவி அவர்கள் எழுதியிருந்ததைப் படித்தபின், மாலையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளைகளையும் வீட்டு வேலைகளையும் பார்த்துக்கொண்டே, கதவைத் திறந்துவைத்துக் கூடத்தில் அமர்ந்து எழுதத் தெரியாதவர் காதல் கதைப் பக்கமே வரக்கூடாது என்பதும், ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் அப்படித்தான் எழுதினார் என்பதும் அவருடைய தீர்ப்பு. ஆஸ்டின் வீட்டின் கதவு கிறீச்சிடும் என்பதையும், அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று ஆஸ்டினே தடுத்தார் என்பதையும் அவர் வசதியாக மறந்துவிட்டார். யாரேனும் வந்தால் அந்த ஓசை காட்டிக்கொடுத்துவிடும். சிறு சிறு தாள்களில் எழுதிக்கொண்டிருந்ததை ஆஸ்டின் உடனே மறைத்துவிடுவார். திறந்து கிடக்கும் கதவு எப்படி ஓசை எழுப்பும்? அது மூடிய கதவுதான்.

மழைக்குருவி:
என் பெயரைத் தலைப்பில் போடாமல் விட்ட பெருந்தன்மைக்கு நன்றி, சகோதரி. மூடியிருப்பதும் தாழிட்டிருப்பதும் ஒன்றல்ல. அந்தக் கதவை யார் வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு வரலாம். நீங்களோ மாலை நேரத்தில் தாழிட்டுக்கொண்டு அமர்வதாகப் பெருமையோடு எழுதுகிறீர்கள். என் நாயகன் நாயகியின் கையை முதன்முதலாகப் பற்றும் இடத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, காலுறையில் ஒன்றைக் காணவில்லை என்று என் மகன் வந்து நின்றான். தேடிக் கொடுத்துவிட்டு வந்து அதே வாக்கியத்தை முடித்தேன். அந்த இடைவெளியை வாசகர் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

நெடுங்கணக்கு:
கண்டுபிடித்தோம். அவன் பற்றியது வலக்கை, அடுத்த பத்தியில் விடுவித்தது இடக்கை. காலுறை கிடைத்ததில் மகிழ்ச்சி.

வடக்குச்சாளரம்:
எழுத்துத் தொழில் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது. வருமானம் தருவதா, வாரந்தோறும் அத்தியாயம் தருவதா, மனநிறைவு தருவதா? மேலும், ஆஸ்டின் மணம் செய்துகொள்ளாதவர். 1809இல் சாட்டன் என்னும் ஊரிலுள்ள அந்த வீட்டுக்குக் குடிபோன பிறகு, வீட்டுப் பொறுப்பில் பெரும்பகுதியை அக்காள் கசாண்ட்ராவும் தோழி மார்த்தா லாயிடும் ஏற்றுக்கொண்டார்கள். காலை உணவைக் கவனிப்பதே பெரும்பாலும் ஜேனின் வேலை. ஆகவே, வேலையை யார் சுமந்தார்கள் என்பதே கேள்வியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நெடுங்கணக்கு:
ஐயா, வரையறை பிறகு ஆகட்டும். அந்தக் கதவு மூடியிருந்ததா, இல்லையா?

பழைய வாசகர்:
கதவைப் பற்றிச் சொன்னவர் ஜேனின் அண்ணன் மகன் ஜேம்ஸ் எட்வர்ட் ஆஸ்டின் லீ. அத்தை இறந்தது 1817இல். இவர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு வெளிவந்ததோ அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்பு. சிறுவனாகக் கேட்ட கிறீச்சொலியை முதியவர் நினைவுகூர்கிறார், அதை வைத்து இங்கே வழக்காடுகிறீர்கள். தவிரவும், அவர் குறிப்பிடுவது இரு பக்கமும் ஆடித் தானாக மூடிக்கொள்ளும் ஊசல் கதவை.

நெடுங்கணக்கு:
தானாக மூடிக்கொள்ளும் கதவு! நான் சொன்னதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

மழைக்குருவி:
ஊசல் கதவுக்குத் தாழ்ப்பாள் ஏது? நான் சொன்னதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

தூவல்:
இருவருக்கும் ஒரு யோசனை. ஆங்கிலக் காதல் நாவலாசிரியர் பார்பரா கார்ட்லண்ட் தம் நாவல்களைச் சாய்விருக்கையில் சாய்ந்தபடி செயலாளரிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். 700க்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்தன. நானும் துணி மடிக்கும்போது கைபேசியிடம் சொல்லிவிடுகிறேன். கதவுச் சிக்கலே இல்லை.

மழைக்குருவி:
வாயால் சொல்வதற்கு எழுத்து என்று பெயரா? கமா எங்கே வரும் என்று கைபேசிக்குத் தெரியுமா?

தூவல்:
தங்கள் கதைகளில் கமா எங்கே வரும் என்று தங்களுக்கே தெரியாதபோது, என் கைபேசியைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் ஓர் இடர் உண்டு. "உன்னைப் பிரிந்து என்னால் ஒரு நொடியும் இருக்க முடியாது" என்று நாயகிக்காக நான் உரக்கச் சொன்னபோது, என் கணவர் பக்கத்து அறையிலிருந்து "இதோ வந்துவிட்டேன்" என்றார்.

நெடுங்கணக்கு:
அதற்குத்தான் கதவு வேண்டும் என்கிறேன். ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா ஊல்ஃப் 1929இலேயே பெண் எழுத்தாளருக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் பூட்டுள்ள தனியறையும் வேண்டும் என்று எழுதிவிட்டார். காதல் கதை எழுதுபவருக்கு அது இருமடங்கு தேவை. அலுவலகக் கணக்கைச் சரிபார்ப்பதாகச் சொல்லி நான் அமர்ந்தால் வீடு முழுவதும் நுனிக்காலில் நடக்கிறது. காதல் கதை எழுதுகிறேன் என்றால், அது வேலையே அல்ல என்ற முடிவோடு தட்டாமலே உள்ளே வந்து, தோளுக்குப் பின்னால் நின்று ஒரு வரியை உரக்கப் படித்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின் அன்றைக்கு அந்த நாயகியை நாணப்படவைக்க என்னால் முடிவதில்லை. 50,000 சொற்கள் கொண்ட ஒரு நாவலுக்கு நாளொன்றுக்கு 500 சொற்கள் என்றாலும் 100 நாட்கள் ஆகும்; நூறு நாளும் கூடத்தில் அமர்ந்து சிரிப்பு வாங்க நான் தயாராக இல்லை.

மழைக்குருவி:
ஊல்ஃபுக்குப் பிள்ளைகள் இல்லை. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் நோரா ராபர்ட்ஸுக்கு இருந்தார்கள். 1979இல் பனிப்புயலில் இரண்டு சிறுவர்களோடு வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோதுதான் அவர் எழுதவே தொடங்கினார். 1981இல் முதல் நாவல் வந்தது. அவர் தாழிட்டாரா?

நெடுங்கணக்கு:
இரத்தமோ தீயோ இருந்தாலொழியத் தம்மைக் கூப்பிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு விதி வைத்திருந்தார். மரத்தால் செய்யப்படாத கதவு அது. காலுறை அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனிக்கவும்.

வடக்குச்சாளரம்:
வரையறையைப் பற்றி நான் கேட்டதற்கு...

மழைக்குருவி:
சற்றுப் பொறுங்கள், ஐயா. சகோதரி, இவ்வளவு பாதுகாப்பான அறையிலிருந்து தாங்கள் எழுதும் தொடர் 14ஆம் அத்தியாயத்தோடு நின்று பல மாதங்கள் ஆகின்றன. நாயகி இன்னும் ரயில் நிலையத்திலேயே பெட்டியோடு நிற்கிறாள். தாழை உள்ளிருந்து திறக்க மறந்துவிட்டீர்களோ என்று வாசகர்கள் அஞ்சுகிறார்கள்.

பழைய வாசகர்:
நானும் அந்த ரயிலுக்காகக் காத்திருப்பவன்.

நெடுங்கணக்கு:
நாயகி நிற்பது கதையின் தேவை. கூட்டுத் தொகுப்புக்குக் கதை தேர்ந்தபோது, "வேகம் போதாது" என்று என் கதையை ஒதுக்கியவர் இன்று என் அத்தியாயங்களை எண்ணிக்கொண்டிருப்பது வியப்பாக இருக்கிறது. பேச்சை மாற்ற வேண்டாம். மூடியிராத கதவு எப்படிக் கிறீச்சிடும்?

மழைக்குருவி:
அந்தத் தேர்வில் மூவர் இருந்தோம். என்னை மட்டும் சொல்வது ஏன்? தாழ்ப்பாள் இருந்ததாக எவரும் எழுதவில்லை.

நெடுங்கணக்கு:
இல்லை என்றும் எவரும் எழுதவில்லை. மற்ற இருவரும் என் கதைக்கு வாக்களித்தார்கள், எனக்குத் தெரியும்.

தூவல்:
நான் அளிக்கவில்லை.