‘மேசையேற்றம்’ சரிவருமா?

மடல் 1

வணக்கம்.

பாத்திரமேற்பு ஆட்டங்களுக்கான (ஆளுக்கொரு பாத்திரமாகி, ஆட்டநடத்துநர் நடத்தும் கதைக்குள் பெரும்பாலும் பகடை உருட்டி ஆடும் ‘ரோல்பிளேயிங்’ ஆட்டங்கள்) சொற்பட்டியலில் பகடை, அமர்வு, தொடராட்டம், விதிநூல், ஆட்டநடத்துநர் எல்லாம் முடிந்துவிட்டன. ஒரு பதிவு மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. வெளிவரப்போகும் ஆட்டங்களில் எது இணையத்தில் எடுபடும் என்று கணித்து எழுதும்போது ‘பிரபலமாகும்’ என்றே எழுதிவிடுகிறோம். அந்த ஒரு சொல் மூன்று வேலை பார்க்கிறது.

ஒரு ஆட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுவது ஒன்று. காசு கொடுத்து வாங்குவது இன்னொன்று. நாலைந்து பேர் நேரம் ஒதுக்கி உட்கார்ந்து அதை ஆடுவது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தே வரும் என்று நினைத்துக் கணித்தால் தப்பாகிவிடுகிறது. 2021 ஆகஸ்டில் ‘அவதார்’ அனிமேஷன் தொடரை வைத்து உருவான ‘அவதார் லெஜண்ட்ஸ்’, பலரிடம் முன்பணம் சேர்க்கும் கூட்டுநிதித் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 81,567 பேரிடம் ஏறத்தாழ 95 லட்சம் டாலர் திரட்டியது. தலைக்கு 117 டாலர். அந்தத் தொகைக்குள் அனிமேஷன் தொடரின் மேலுள்ள பாசமும் இருக்கிறது. நூலை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவரும் அந்த 81,567 பேரில்தான் அடக்கம். அதை வைத்து ஆடுவோர் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது.

என் முன்மொழிவு: பேச்சுக்குப் ‘பரபரப்பு’, வெளிவரும் முன்னரே நடக்கும் விற்பனைக்கு ‘முன்போணி’, ஆடப்படுவதற்கு ‘வேர்ப்பிடிப்பு’. நாற்று நட்டபின் பச்சை பிடித்ததா என்று பார்ப்பதுபோல. கருத்துச் சொல்லுங்கள்.


மடல் 2

> வெளிவரும் முன்னரே நடக்கும் விற்பனைக்கு ‘முன்போணி’

போணி என்பதே அன்றைய முதல் விற்பனை. முதலுக்கும் முந்திய முதல் என்று ஒன்று கிடையாது. கடைக்காரர் கேட்டால் சிரிப்பார். கூட்டுநிதி வழியாக வெளியீட்டுக்கு முன் பணம் சேர்ப்பதற்கு ‘முன்திரட்டு’ போதும்: தொகையையும் குறிக்கும், செயலையும் குறிக்கும்.

‘வேர்ப்பிடிப்பு’ அழகான சொல், அதில் சந்தேகமில்லை. ஆனால் அரசியல் கட்சிக்கும் பொருந்தும், கைபேசிச் செயலிக்கும் பொருந்தும். கலைச்சொல் என்றால் கேட்டவுடன் துறை தெரிய வேண்டாமா? ‘களைகட்டல்’ என்று யாராவது சொல்லப்போகிறீர்கள், அதற்கு முன் நானே மறுத்துவிடுகிறேன்: திருவிழாவும் களைகட்டும், மறுநாள் பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

அரங்கேற்றம், குடியேற்றம் என்று நம்மிடம் ‘ஏற்றம்’ ஈறு தயாராக இருக்கிறது. ஆட்டம் அலமாரியிலிருந்து மேசைக்கு வருவது ‘மேசையேற்றம்’. ஐகார ஈறு என்பதால் யகர உடம்படுமெய் தானாக வந்துவிடும், புணர்ச்சியில் சிக்கல் இல்லை.


மடல் 3

மேசையேற்றத்துக்கு என் வாக்கு. ஆனால் ஒரு சொல்லை அளக்க முடியுமா என்று பார்த்துவிட்டு ஏற்றுவதுதான் நல்லது. வரவிருக்கும் ஆட்டத்தை எடைபோடுபவர்கள் எதைப் பார்க்கிறார்கள், அவற்றில் எது இந்தச் சொல்லுக்குள் வரும் என்று எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை வீதம். இணையத்தில் கூடி ஆட உதவும் ரோல்20 தளம் வெளியிட்டு வந்த காலாண்டு அறிக்கைகளில் நடக்கும் ஆட்டங்களில் பாதிக்கு மேல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புதான். அடுத்துப் பெயர் பெற்றது 1981-இல் வந்த கால் ஆஃப் கதுலூ. புதிதாக வரும் எதுவும் மிச்சப் பங்குக்குத்தான் அடித்துக்கொள்கிறது. ஆகவே ‘இது மேசையேறாது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பெரும்பாலும் சரியாக இருக்கும். கணிப்பவர் காட்ட வேண்டிய திறமை விதிவிலக்கைப் பிடிப்பதில்.

அடுத்தது இலவசத் தொடக்கக் கையேடு. அது இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். விதிச்சுருக்கம், உடனே எடுத்து ஆட நாலைந்து பாத்திரங்கள், மூன்று மணி நேரத்தில் முடியும் ஒரு சாகசம், மூன்றும் வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது சாகசம்தான். அது இல்லையென்றால் ஆட்டக்காரர்கள் வாசித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று போய்விடுவார்கள். ஆட்டநடத்துநர் கையில் இந்தச் சனிக்கிழமைக்கு ஒன்றும் இருக்காது. ஐந்து பேர் குழுவில் எந்த ஆட்டம் என்று முடிவெடுப்பவர் அந்த ஒருவர். அவருக்கு வேலை கூடினால் ஆட்டம் ஏறாது.

இதையே ‘ஆள் தேவை’ அறிவிப்புகளிலும் பார்க்கலாம். எத்தனை அறிவிப்பு என்பதைவிட யார் போடுகிறார்கள் என்று எண்ணுங்கள். நடத்துநர் ‘நாலு பேர் வேண்டும்’ என்று போட்டால் அது மேசை. ஆட்டக்காரர் ‘யாராவது நடத்துவீர்களா’ என்று போட்டால் அது தாகம். தாகம் பத்துக்கு ஒன்பது இருந்தால் அந்த ஆட்டம் பரபரப்போடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியான பிறகு நான் அதிகம் நம்புவது விதிக்கேள்விகளை. வெளியீட்டுக்குப் பின் நாலு வாரத்தில் அந்த ஆட்டத்துக்கான டிஸ்கார்டிலோ ரெடிட்டிலோ அடுத்தடுத்த 100 இடுகைகளை எடுத்து மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். பெட்டி வந்துவிட்டது, இன்னும் வரவில்லை என்பவை முதல் குவியல். வாங்கலாமா, ஓவியம் பிரமாதம் என்பவை இரண்டாவது. ‘நேற்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதவை உடைத்தார்கள், எந்தப் பகடையை எடுப்பது?’ போன்றவை மூன்றாவது. இப்படி ஒரு கேள்வியை ஆடாமல் கேட்க முடியாது. மூன்றாவது குவியல் முப்பதைத் தாண்டினால் மேசையேறிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். பத்துக்குள் இருந்தால் அலமாரி. இது கைக்கணக்கு, சூத்திரம் இல்லை.

இதில் ஒரு பொறி உண்டு. கூட்டுநிதி ஆட்டங்களில் பிடிஎஃப் முதலில் வரும், அச்சுநூல் மாதங்கள் கழித்துத்தான் வீடு சேரும். அச்சுநூல் வந்த வாரத்தில் எண்ணினால் பெட்டிப் படங்கள் குவிந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டம்கூடச் செத்ததுபோலத் தெரியும். பிடிஎஃப் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். பன்னிரண்டாம் வாரம் இன்னொரு முறையும் எண்ண வேண்டும்.

முன்திரட்டுத் தொகையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். சிறப்புப் பதிப்பு, தோலட்டை, பொம்மைகள் என்று விலை ஏற்றினால் தொகை உப்பிவிடும். தொகையைவிட்டுத் தலைகளை எண்ணுங்கள்.


மடல் 4

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சின்ன இடைஞ்சல். எங்கள் பக்கம் நாடகம் போடுவதை ‘மேடையேற்றம்’ என்றுதான் எழுதுவோம். மேடையேற்றம், மேசையேற்றம்: ஓரெழுத்து வித்தியாசம். அச்சில் பிழை என்று நினைத்துத் திருத்துநர் ‘டை’ போட்டுவிடுவார். அதுவும் நடிப்போடு தொடர்புள்ள துறை என்பதால் திருத்தியது பிழை என்றே யாருக்கும் தெரியாது.

மேசை என்பதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை, பள்ளிக்கூடத்திலும் அதுதான். தமிழ்நாட்டில் மேஜை என்று சொல்கிறவர்கள் ‘மேஜையேற்றம்’ என்று எழுதத் தொடங்குவார்களோ?

இன்னொன்று. இணையத்தில் ஆடும்போது மேசை எங்கே இருக்கிறது?


மடல் 5

மேசையே போர்த்துக்கீசியச் சொல்லாயிற்றே, தனித்தமிழில் ‘பலகையேற்றம்’ என்றால் என்ன?


மடல் 2-ஐ எழுதியவர்

சாவி, ஜன்னல், அலமாரியும் அதே கப்பலில்தான் வந்தன, திருப்பி அனுப்பப் போகிறோமா? ‘பலகை’ ஏற்கெனவே சதுரங்கம், தாயம் வகைக்குப் போய்விட்டது. பலகை விளையாட்டு என்றால் காய் நகர்த்துவது. இரண்டையும் கலந்தால் பட்டியலில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கும்.

மேடை–மேசை குழப்பம் உண்மையானது, ஒப்புக்கொள்கிறேன். வினையாக எழுதும்போது குறையும்: ‘ஆட்டம் மேசைக்கு ஏறியது’. தலைச்சொல்லுக்கு மட்டும் மேசையேற்றம்.


மடல் 3-ஐ எழுதியவர்

> இணையத்தில் ஆடும்போது மேசை எங்கே இருக்கிறது?

நல்ல கேள்வி. இந்தக் கணிப்பில் பாதி இதற்குள் இருக்கிறது. ரோல்20, ஃபவுண்டரி போன்றவற்றை ஏற்கெனவே ‘இணைய மேசை’ என்று பட்டியலில் வைத்திருக்கிறோம். ஆட்டம் அந்த மேசையில் உட்காருமா என்பதுதான் கேள்வி. சில ஆட்டங்கள் பிறப்பிலேயே உட்காராது. ‘டிரெட்’ என்ற திகில் ஆட்டத்தில் பகடையே கிடையாது. ஜெங்கா கோபுரத்திலிருந்து கட்டை உருவ வேண்டும், கோபுரம் விழுந்தால் உங்கள் பாத்திரம் போயிற்று. நடுங்கும் கைதான் அதன் விதி. திரைக்கு முன்னால் உட்கார்ந்து எதை உருவுவது? நேரில் எவ்வளவு பேர் கொண்டாடினாலும் இணைய மேசையேற்றத்தில் அதற்குக் குறைந்த மதிப்பெண்தான்.

‘ஆலிஸ் இஸ் மிஸ்ஸிங்’ (2020) நேர் எதிர். ஆடுபவர்கள் வாய் திறக்காமல் குறுஞ்செய்தியிலேயே 90 நிமிடம் ஆட வேண்டும். அடுத்த ஊரில் இருந்தாலும் அடுத்த நாட்டில் இருந்தாலும் அனுபவம் குறையாது.

பெரும்பாலானவை இரண்டுக்கும் நடுவில் வரும். அங்கே பகடையைப் பார்க்க வேண்டும். எண் பகடை என்றால் எந்த மேசையிலும் முதல் நாளே ஓடும். சின்னம் பொறித்த தனிப் பகடை என்றால் யாராவது நிரல் எழுதும்வரை காத்திருக்க வேண்டும். ‘டிரா ஸ்டீல்’ இரண்டு பத்துமுகப் பகடையைக் கூட்டி மூன்று படியாகப் பார்க்கிறது: 11 வரை கீழ்ப்படி, 12–16 நடு, 17-உம் அதற்கு மேலும் உச்சி. கூட்டல் எதுவும் இல்லாமல் மூன்று படிக்கும் வாய்ப்பு முறையே 55, 35, 10 விழுக்காடு. பாத்திரத்தின் திறனுக்காக +2 சேர்த்தால் 36, 43, 21. உருட்டுவது எளிதுதான். சிக்கல் அதன் பிறகு வருகிறது: எதிரியைக் கட்டம் கட்டமாகத் தள்ளுவது, சுவரில் மோதினால் சேதம் என்று ஒவ்வொரு அடிக்கும் கணக்கு உண்டு. மேசை மென்பொருள் அதைத் தானாகச் செய்யாவிட்டால் ஒரு சண்டையே அமர்வைத் தின்றுவிடும். ஆகவே இதைக் கணிப்பவர் நூல் வெளியாகும் தேதியை விட்டுவிட்டு மேசைத் தொகுப்பு (அந்த மென்பொருளுக்காக ஆட்டத்தின் விதிகளை நிரலாக்கிய தொகுப்பு) தயாராகும் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

‘ஷேடோடார்க்’ இன்னொரு மாதிரி. அதில் தீப்பந்தம் நிஜக் கடிகாரப்படி ஒரு மணி நேரம் எரியும், அவ்வளவுதான். திரை மூலையில் ஒரு கடிகாரத்தை வைத்தால் போதும், ஒளிபரப்பில் பார்ப்பவருக்கும் பதைப்பு தொற்றிக்கொள்ளும். ஒரு வரி விதி, மேசைத் தொகுப்பு எதுவும் தேவையில்லை. அதன் கூட்டுநிதி 2023 மார்ச்சில் நடந்தது, 13 லட்சம் டாலருக்கு மேல். அந்த ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், அதன் விதிகளை வைத்துப் பிறரும் நூல் வெளியிட விட்ட திறந்த உரிமத்தை மாற்றப் போவதாகச் செய்தி கசிந்து, மாற்று ஆட்டம் தேடி ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். பாத்ஃபைண்டர் நூல்கள் எட்டு மாதக் கையிருப்பு இரண்டு வாரத்தில் தீர்ந்ததாக அந்தப் போட்டி ஆட்டத்தின் பதிப்பகமான பைஸோ சொன்னது அப்போதுதான். 2022 டிசம்பரில் உட்கார்ந்து யாரும் இதைக் கணித்திருக்க முடியாது. ஆனால் அலை வந்தபோது எந்தப் படகு மிதக்கும் என்று சொல்லியிருக்கலாம்: விதி குறைவு, பழக்கப்பட்ட இருபதுமுகப் பகடை, இலவசக் கையேடு.

சொல்லை ‘டேகர்ஹார்ட்’ மேல் வைத்துப் பார்ப்போம். 2024 மார்ச்சில் பொதுச் சோதனை ஆட்டம், 2025 மே 20 வெளியீடு. சோதனையின்போதே விதிகள் இலவசம், பாத்திரம் உருவாக்க இணையக் கருவியும் இருந்தது. இரண்டு பன்னிருமுகப் பகடை, ஒன்று நம்பிக்கை, ஒன்று அச்சம். எது பெரியதோ அதன் பக்கம் கதை சாயும். இரண்டும் ஒரே எண் காட்டினால் பெருவெற்றி, பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. எண் பகடை என்பதால் எங்கும் ஓடும். நடிகர்கள் ஆடுவதைக் காட்டும் கிரிட்டிகல் ரோல் ஒளிபரப்புதான் இதைத் தூக்கியது என்பவர்கள், இதை வெளியிட்ட கிரிட்டிகல் ரோலின் பதிப்பகமே 2023-இல் கொண்டுவந்த ‘கேண்டெலா அப்ஸ்கியூரா’ ஏன் இந்த உயரம் ஏறவில்லை என்று சொல்ல வேண்டும். ஒளிபரப்பு தருவது பரபரப்பை. மேசைக்கு ஏற்றுவது கருவியும் இலவச விதியும்.

இணையத்தில் அதற்கு ஒரு குறை உண்டு. யார் முறை என்ற வரிசை கிடையாது. நேரில் கண் ஜாடையில் சரியாகிவிடும். குரல் அரட்டையில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசி இரண்டு பேரும் நிறுத்துவார்கள், கூச்சமுள்ளவர் கடைசிவரை வாய் திறக்க மாட்டார். ஆளுக்கு மூன்று வில்லை வைத்து, செயல்படும்போதெல்லாம் ஒன்றைக் கழிக்கும் விருப்ப விதி நூலிலேயே இருக்கிறது. இணைய மேசையில் அது கட்டாயம்போல.

ஒரே உறுத்தல்: அரங்கேற்றம் ஒரு தடவைதான் நடக்கும். ஒரு மாலை ஆடிவிட்டு மூட்டை கட்டிய ஆட்டமும் இந்தச் சொல்படி ‘ஏறிவிட்டது’. நாலாம் வாரத்தையும் பன்னிரண்டாம் வாரத்தையும் பிரிக்க இரண்டாவது சொல் வேண்டும்.


மடல் 4-ஐ எழுதியவர்

அதற்குத்தான் முதல் மடல்காரரின் ‘வேர்ப்பிடிப்பு’ இருக்கிறதே, ஏன் தூக்கி எறிந்தோம்? ஏறுவது ஒன்று, வேர் பிடிப்பது இன்னொன்று.

கதுலூ ஜப்பானில் பல பத்தாண்டுகள் கழித்து ஆடியதை எழுத்தாக்கிய ஆட்டப் பதிவுகளாலும் நிக்கோ நிக்கோ என்ற ஜப்பானியத் தளத்தின் காணொளிகளாலும் ஊன்றியதைச் சொல்லவும் இது உதவும். மேசையேற்றம் எப்போதோ நடந்தது, வேர்ப்பிடிப்பு பிறகு வந்தது.


மடல் 1-ஐ எழுதியவர்

சரி, இரண்டையும் ஏற்றுகிறேன். பட்டியலில் போவது:

பரபரப்பு: வெளிவருமுன் எழும் பேச்சு.
முன்திரட்டு: வெளியீட்டுக்கு முன் கூட்டுநிதியில் சேரும் பணம். எழுதும்போது தொகையோடு ஆள் எண்ணிக்கையும் தர வேண்டும்.
மேசையேற்றம்: வாங்கியவர் உண்மையில் ஆடத் தொடங்குவது. நேரிலா இணையத்திலா என்று முன்னொட்டுச் சேர்க்கலாம்.
வேர்ப்பிடிப்பு: மூன்று மாதம் கழித்தும் புதிய மேசைகள் தொடங்கிக்கொண்டிருப்பது.

திருத்துநர் கண்ணில் படும்படி மேசையேற்றத்துக்குக் கீழே ‘மேடையேற்றம் அன்று’ என்ற குறிப்பும் போடுகிறேன். ‘மேஜை’ வடிவத்தை மாற்றெழுத்தாகக் காட்டவில்லை.

தனிமடலில் ஒருவர் ஆட்டநடத்துநரைக் ‘கட்டியங்காரன்’ ஆக்கலாமே என்று கேட்டிருந்தார். கூத்தில் கட்டியங்காரன் அறிமுகம் செய்வார், கேலி செய்வார், பார்ப்போரிடம் பேசுவார், ஆனால் கதவு உடைந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஆகவே பழைய பதிவே இருக்கட்டும்.

அடுத்து, பகடை உருட்டலில் ‘பெருவெற்றி’க்கு எதிர்ச்சொல் இன்னும் காலியாக இருக்கிறது. ‘பெருந்தோல்வி’ போட்டால் ஆட்டமே முடிந்ததுபோல ஒலிக்கிறது. வேறு யோசனை இருந்தால் அனுப்புங்கள்.