லேப் ஸ்டீல் கிடாருக்கு டேப் எழுதிப் பொதுவில் போடலாமா?

இருபதாவது_வளைவு:
வணக்கம், ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ஆறு வருடமாக லேப் ஸ்டீல் கிடார் வாசிக்கிறேன். கிடாரை மடியில் படுக்க வைத்து இடது கையால் இரும்பு பாரைக் கம்பி மேல் நகர்த்தி வாசிப்பது, ஹவாய் கிடார் என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரியும். மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், அப்போது வேறு வேலை ஓடாது, அந்த நாட்களில் உட்கார்ந்து எழுதியதில் 14 பாட்டுக்கு டேப்லேச்சர், சுருக்கமாக டேப், சேர்ந்திருக்கிறது. ஆறு கோடு, கோட்டுக்கு ஒரு கம்பி, பாரை எந்த ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே இருக்கும் கோடு) மேல் வைக்க வேண்டுமோ அந்த எண், அவ்வளவுதான். 14-ஐயும் இலவசமாகப் போடப் போகிறேன். நான் ஆரம்பித்தபோது இந்தக் கிடாருக்குத் தமிழ்ப் பாட்டு டேப் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, சேலத்தில் தேடியும் சொல்லித்தர ஆள் அமையவில்லை. மாதிரிக்கு மோகன ராகத்தின் ஆரோகணம் (ஏறும் வரிசை), முதல் கம்பியில்:

1 |--0--2--4--7--9--12~--|

கடைசியில் இருக்கும் ~ பாரை லேசாக அசைப்பதற்கு. மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அம்மாபேட்டை_சித்ரவீணை:
எனக்கு மறுப்பு இருக்கிறது தம்பி. 30 வருடத்துக்கு மேலாகச் சித்ரவீணை வாசிக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். என் வாத்தியத்தில் ஃபிரெட்டே கிடையாது. கம்பி மேல் நகர்த்தும் கட்டையை எங்கே நிறுத்துவது என்று காது மட்டும்தான் சொல்லும். உன் கிடாரில் ஃபிரெட் வரைந்திருந்தாலும் கம்பி அதைத் தொடுவதே இல்லை, ஆக அந்தக் கோடு வெறும் அடையாளம், நம் இரண்டு வாத்தியமும் ஒரே சாதிதான்.

நீ போட்ட மோகனத்தையே எடுத்துக்கொள். காந்தாரத்துக்கு, அதாவது ஸ ரி க-வில் வரும் க-வுக்கு, 4 என்று எழுதியிருக்கிறாய். தம்பூரா போட்டுவிட்டு நாலாவது கோட்டுக்கு நேர் மேலே பாரை வை, ஸ்வரம் கூர்மையாகக் குத்தும். சுத்தமாகச் சேரும் காந்தாரம் அதைவிட 14 சென்ட் (ஒரு ஃபிரெட் இடைவெளி 100 சென்ட்) கீழே இருக்கிறது. இருபத்திரண்டரை அங்குலக் கிடாரில் கணக்குப் போட்டால் கோட்டிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் பின்னால் வர வேண்டும், ஒரு நெல்லின் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. காகிதத்தைப் பார்த்து வாசிக்கும் பிள்ளை நேராக 4-க்குப் போய் நிற்பான், அது தப்பு என்று அவன் காதுக்குத் தெரியவே தெரியாது. மோகனத்துக்கே இந்தக் கதி என்றால் தோடி ராகத்தின் காந்தாரத்தை எந்த எண்ணால் எழுதுவாய்? அது ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமா? எழுதாதே என்று சொல்லவில்லை, உனக்காக எழுதி வைத்துக்கொள். கற்றுக்கொள்ள வருகிறவனுக்குப் பாட்டைப் பதிவு செய்து கொடு, கேட்கட்டும்.

தறிவீட்டுப்_பையன்:
டீச்சர், நானும் அம்மாபேட்டைதான், எங்கள் வீட்டில் ஜக்கார்டு தறி ஓடுகிறது. அட்டையில் துளை குத்தி வரிசையாகக் கோத்து மேலே மாட்டினால்தான் சேலையில் பூ விழும். அட்டை குத்துகிறவர் ஒருத்தர், நெய்கிறவர் இன்னொருத்தர். அந்த அட்டை கைக்குக் கை மாறியதால்தான் ஒரு டிசைன் ஒரு வீட்டோடு போகாமல் இருக்கிறது. டேப்பும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. எழுதி வைக்காவிட்டால் வாசிக்கிறவரோடு அதுவும் போய்விடும். இன்னொன்று, கமகத்தை, அதாவது ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைவதை, எழுத முடியாது என்று நீங்களே சொல்லலாமா? எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-ல் அச்சிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் ஸ்வரத்தோடு கமகத்துக்கும் தனித்தனிக் குறி போட்டிருக்கிறாரே.

அம்மாபேட்டை_சித்ரவீணை:
அந்தப் புத்தகத்தை நீ சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதைத் திறந்து பார்த்தவர்கள் பாடம் கேட்டுத் தேறியவர்கள். குறியைப் பார்த்தவுடன் குரு பாடியது காதில் வரும், குறி நினைவூட்டத்தான். இங்கே பாட்டையே கேட்காதவன் கையில் எண்ணை மட்டும் கொடுக்கப் போகிறீர்கள். அட்டை விஷயம் வேறு, உன் தறியில் மாட்டினாலும் பக்கத்து வீட்டுத் தறியில் மாட்டினாலும் அதே பூதான் விழும், விழவும் வேண்டும். இரண்டு பேர் வாசித்தால் மோகனம் ஒன்றுபோல வரக்கூடாது.

சூரமங்கலம்_புதுசு:
நான் கிடார் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது, பெரியவர்கள் பேச்சுக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னைப்போல ஆளுக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு டேப் கிடைத்தது, யார் எழுதியது என்று பெயர் இல்லை, ட்யூனிங்கும் போடவில்லை. சாதாரண ட்யூனிங்கில் வாசித்தேன், பாட்டு மாதிரியே இல்லை. கேட்டால் அது சி சிக்ஸ்த் என்ற ட்யூனிங், கீழிருந்து (தடித்த கம்பியிலிருந்து) சி ஈ ஜி ஏ சி ஈ என்றார்கள். என் கிடாரில் இருந்தது சாதாரணக் கம்பி. நாலாவது கம்பி டி-யில் இருந்ததை ஜி வரைக்கும் முறுக்கினேன், பக்கத்தில் வரும்போதே அறுந்து மணிக்கட்டில் அடித்தது, சிவந்து தடித்துப் போனது. அதிலிருந்து ஒரு வாரம் கிடாரைத் தொடவே இல்லை. எனக்கு டேப் வேண்டும் அண்ணா, டேப் இல்லையென்றால் நான் என்றைக்கோ விட்டிருப்பேன், எனக்குச் சொல்லித்தர டீச்சர் மாதிரி யாரும் பக்கத்தில் இல்லை. ஆனால் தலைப்பில் ட்யூனிங் எழுதாத டேப்பைப் போடாதீர்கள்.

கோர்ட்டு_ரோடு:
காது, கம்பி எல்லாம் சரி, உரிமையைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இசைப் படைப்பு என்றால் அதை எழுதிக் காட்டும் குறியீடும் சேர்த்தி. ஒரு மெட்டைக் கேட்டு எழுதினாலும் அது தழுவல் கணக்கில் வரும். வீட்டில் வாசிக்க எழுதி வைப்பது வேறு, உலகத்துக்கே திறந்து விடுவது வேறு. இலவசம் என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. அமெரிக்காவில் ஓல்கா என்று ஒரு பெரிய கிடார் டேப் களஞ்சியம் இருந்தது, ரசிகர்கள் காசு வாங்காமல் எழுதிச் சேர்த்தது, இசைப் பதிப்பாளர் சங்கங்களின் நோட்டீஸ் வந்து 2006-ல் மூட வேண்டியதாயிற்று. நம் நாட்டில் எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருடம் வரை உரிமை இருக்கும். அந்த 14 பாட்டும் யாருடையவை என்று முதலில் சொல்லுங்கள்.

இருபதாவது_வளைவு:
சார், பட்டியல் இதோ. தியாகராஜர் கீர்த்தனை ஐந்து, அவர் காலம் 1847-ல் முடிந்தது. ஹவாய் ராணி லிலியுவோகலானியின் அலோஹா ஓய், அவர் இறந்தது 1917. பாபநாசம் சிவன் இரண்டு. ஜி. ராமநாதன் மெட்டு ஒன்று, நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் படங்களுக்கு இசையமைத்தவர், ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவாயில் வளைவைத் தாண்டும்போதெல்லாம் அவர் மெட்டுதான் மனதில் ஓடும். மீதி ஐந்தும் இப்போது இருக்கிற இசையமைப்பாளர்களுடையவை.

கோர்ட்டு_ரோடு:
முதல் ஆறுக்கும் தடை இல்லை. சிவன் 1973-ல் காலமானார், ஆகவே 2033 முடியும் வரை பொறுங்கள். ராமநாதன் 1963, கணக்குப்படி 2023-ஓடு மெட்டின் காலம் முடிந்தது, ஆனால் பாட்டு வரிக்கு எழுதியவர் வேறு, ஒலிப்பதிவுக்கு உரிமை தனி, அதனால் வெறும் மெட்டை மட்டும் போடுங்கள், வரியைக் கீழே எழுதாதீர்கள். மீதி ஐந்தையும் அனுமதி இல்லாமல் போடக்கூடாது என்பதுதான் என் கருத்து.

தறிவீட்டுப்_பையன்:
அப்படியென்றால் பிள்ளைகள் ஆசைப்படுகிற ஐந்தும் போயிற்று. மேடையில் பாடுகிறார்கள், ரீல்ஸில் வாசிக்கிறார்கள், ஆறு கோட்டில் நாலு எண் எழுதினால் மட்டும் குற்றமா? எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை சார்.

இருபதாவது_வளைவு:
எனக்கும் ஒப்பவில்லைதான். ஆனால் இதில் நானே அடிபட்டிருக்கிறேன். இரண்டு வருடம் முன்னால் ஒரு நண்பருக்கு அனுப்பிய என் டேப், என் பெயரை எடுத்துவிட்டு, இன்னொருவர் விற்கும் பிடிஎஃப்பில் வந்தது. பார் சாய்வுக்கு நான் போட்ட குறிகூட மாறாமல் அப்படியே இருந்தது. இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. என் உழைப்புக்கு அவ்வளவு வலித்தது என்றால் மெட்டுப் போட்டவருக்கு எப்படி இருக்கும்? அந்த ஐந்தையும் சிவன் பாட்டு இரண்டையும் எடுத்து வைத்துவிடுகிறேன்.

டீச்சர், உங்களுக்கு என் பதில் இது. மீதி ஏழு பாட்டையும் போடுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் காந்தாரத்தை இனி வெறும் 4 என்று எழுதமாட்டேன்:

1 |--0--2--4(-)--7--9--12~--|

(-) இருந்தால் பாரைக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால், தம்பூராவோடு சேரும் வரை நகர்த்த வேண்டும். தலைப்பில் ட்யூனிங், கம்பி வகை, பாரை நேராக வைப்பதா முன்சாய்வா பின்சாய்வா, எழுதியவர் பெயர் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றோடும் நான் மெதுவாக வாசித்த பதிவும் வரும். பிடிஎஃப்பாகத்தான் போடுவேன், வாட்ஸ்அப்பில் அப்படியே ஒட்டினால் கோடுகள் நகர்ந்து மூன்றாம் கம்பியின் எண் எங்கோ போய் நிற்கிறது.

அம்மாபேட்டை_சித்ரவீணை:
பதிவு வருகிறது என்றால் என் மறுப்பில் பாதி குறைந்தது. மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது தம்பி, தோடியை மட்டும் எழுதாதே. அந்த ஐந்து கீர்த்தனையில் தோடி இருந்தால் காகிதத்தை எடுத்துவிட்டுப் பதிவை மட்டும் போடு. உனக்கு வாசிப்பில் சந்தேகம் இருந்தால் மலையிறங்கி வா, ஞாயிறு காலையில் வீட்டில்தான் இருப்பேன், பாடிக் காட்டுகிறேன்.

இருபதாவது_வளைவு:
ஒன்று இருக்கிறது டீச்சர். அதன் காகிதத்தை மட்டும் நிறுத்தி வைக்கிறேன். ஞாயிறு வருகிறேன், கிடாரோடு.

சூரமங்கலம்_புதுசு:
அண்ணா, அந்த ஏழும் என்ன ட்யூனிங்? நான் திரும்பவும் கம்பி மாற்ற வேண்டுமா?

இருபதாவது_வளைவு:
ஏழும் ஓபன் டி தம்பி, கீழிருந்து டி ஏ டி எஃப் ஷார்ப் ஏ டி. உன்னிடம் இருக்கும் சாதாரணக் கம்பியே போதும். ஐந்தாவதும் நாலாவதும் இருந்தபடியே இருக்கட்டும், மற்ற நாலையும் இறக்கத்தான் வேண்டும், எதையும் ஏற்ற வேண்டியதில்லை. அறாது, பயப்படாமல் வை.