க்ரூமிங் செக்கில் மாட்டிய கதைகள்: கிரவுண்ட் ஸ்டாஃப் வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

புதுமுகம்

அடுத்த வாரம் எனக்கு விமான நிலையத்தில் கிரவுண்ட் ஸ்டாஃப் நேர்முகத் தேர்வு. இது இரண்டாவது தடவை. முதல் தடவை க்ரூமிங் செக்கில், அதாவது உடையும் தோற்றமும் பார்க்கிற சோதனையில், கோட்டைவிட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முடி வெட்டி, சட்டையை இஸ்திரி போட்டு, டை கட்டி, பக்காவாகத்தான் போனேன். எங்கள் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு மேடம் வந்தார். கேள்வி எதுவும் இல்லை. கையை நீட்டச் சொன்னார், நீட்டினோம். திருப்பச் சொன்னார், திருப்பினோம். அப்புறம் எங்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்தார். என்னிடம் வந்ததும் காலடிச் சத்தம் நின்றது. ஷூவின் முன்பக்கத்தை முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்திருந்தேன். குதிகாலைத் தொடவே இல்லை. காய்ந்த சேறு அப்படியே இருந்தது. "பெட்டியை பெல்ட்டில் தள்ளத் திரும்புவீர்கள் இல்லையா, அப்போது பயணிக்குத் தெரிவது உங்கள் முதுகும் குதிகாலும்தான்" என்றார். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

இந்த முறை ஷூ தயார். தாடிதான் குழப்பம். லேசாக வைத்திருக்கிறேன், எடுக்க மனசு வரவில்லை. உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அதிகாலை ஷிஃப்ட்

தாடிக்குச் சுருக்கமாகப் பதில்: சில நிறுவனங்களில் வைக்கலாம், சிலவற்றில் கூடாது. ஆனால் எங்கே போனாலும் மாட்டுவது இரண்டு நாள் முள்தாடிதான். வளர்ப்பதாக இருந்தால் லீவில் வளர்த்து, கழுத்தோரம் ஒதுக்கி முழுத்தாடியாக வரச் சொல்வார்கள். தேர்வுக்கு மழித்துவிட்டுப் போங்கள் தம்பி. வேலை கிடைத்ததும் விதியைப் பார்த்து வளர்த்துக்கொள்ளலாம்.

நான் ஆறு வருஷமாக செக்-இன். 4 மணி ஷிஃப்ட் என்றால் 3.30-க்கு ப்ரீஃபிங், க்ரூமிங் செக்கும் அங்கேயே. என் எதிரி கொண்டை. முடி தோளைத் தொட்டால் கட்டியே ஆக வேண்டும் என்பது எங்கள் விதி. முதல் மாதம் இதற்கே இருபத்தைந்து நிமிடம் போகும். சொருகச் சொருக ஹேர்பின் கழன்று விழும், கண்ணில் நீர் வரும். பிறகு ஒரு சீனியர் அக்கா கற்றுக்கொடுத்தார். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து அதில் ஹேர்ஸ்ப்ரே அடிக்க வேண்டும், தலையில் அல்ல. காதோரத்திலும் பிடரியிலும் நிற்கிற பூனைமுடியை அந்த பிரஷால் மேல்நோக்கிப் படிய வைக்க வேண்டும். குதிரைவால் போட்டு, டோனட் என்கிற கொண்டை வளையத்தைச் சொருகி, முடியை அதன்மேல் பரப்பி, நெட்டை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஹேர்பின் சொருகும்போது முதலில் வெளிப்பக்கம் பார்த்துக் குத்தி, கொஞ்சம் முடியைப் பிடித்ததும் உள்பக்கம் திருப்பிவிட வேண்டும். அசையாது. இப்போது இருட்டிலேயே நாலு நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

இதெல்லாம் வெறும் ஷோ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் கனமான பெட்டி ஒன்று பெல்ட்டில் சாய்ந்துவிட்டது. குனிந்து நிமிர்த்தினேன். என் ஐடி கார்டு இரண்டு பெல்ட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் போய்விட்டது. கழுத்து முன்னால் இழுபட்டது. அடுத்த நொடி பிடரியில் டப் என்று ஒரு சத்தம், கயிறு கழன்று கார்டோடு போய்விட்டது. கயிற்றின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறதே, அது எதற்கு என்று ஆறு வருஷத்தில் அன்றுதான் யோசித்தேன். அந்த இடத்தில் என் குதிரைவால் தொங்கியிருந்தால்? அதற்கு கிளிப் எல்லாம் கிடையாது.

ராம்ப்காரன்

அக்கா சொன்னது சரி. நாங்கள் ராம்ப்பில், அதாவது விமானம் நிற்கிற தளத்தில், வெயிலிலும் மழையிலும் நிற்கிறவர்கள், எங்களுக்கு எதற்கு க்ரூமிங் என்று சேர்ந்த புதிதில் கேட்டவன் நான். எங்களுக்குப் படிய வாரிய தலை எல்லாம் பேச்சே இல்லை. கழன்று விழக்கூடியது, மாட்டி இழுக்கக்கூடியது எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மோதிரம், சங்கிலி, தொங்கும் கயிறு, பட்டன் போடாத ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட்.

நான் மோதிரத்தைக் கழற்றவில்லை. க்ளவுஸ் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்ற எண்ணம். ஒரு மாலை பெட்டி வண்டியிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். கால் தரைக்கு வந்துவிட்டது, விரல் வரவில்லை. மோதிரம் ஒரு போல்ட் தலையில் மாட்டியிருந்தது. விரல் கணுவில் தோல் கிழிந்து நாலு தையலோடு போயிற்று. தையல் போட்ட டாக்டர், இப்படி மாட்டி விரல் தோல் முழுசாக உரிந்து வருகிறவர்களும் உண்டு என்றார். இப்போது மோதிரம் லாக்கரில்.

இன்னொன்று, எஃப்.ஓ.டி. தார்த்தளத்தில் கிடக்கக் கூடாத எந்தப் பொருளுக்கும் எங்கள் பாஷையில் அதுதான் பெயர். விமானம் உள்ளே வருவதற்கு முன் அது நிற்கப்போகிற இடம் முழுக்க நடந்து பொறுக்குவோம். சட்டை பட்டன், பேட்ஜ், ஒரு தடவை ஹேர்பின் என்று எல்லாம் கிடைத்திருக்கின்றன. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்டு எரிந்து விழுந்ததே, முன்னால் கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்த உலோகத் தகடுதான் அதன் டயரைக் கிழித்தது. கிட்டத்தட்ட 43 செ.மீ. நீளம், அவ்வளவுதான். சிதறிய டயர் எரிபொருள் தொட்டியைத் தாக்கியது. தரையில் இருந்த நாலு பேரையும் சேர்த்து 113 பேர் போய்விட்டார்கள். ஹேர்பின்னை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் குனிந்து எடுக்கும்போது எனக்கு அந்த நினைப்பு வரும்.

முழுக்கை சட்டை

என் கதை சின்னது. மணிக்கட்டில் ஒரு பறவை டாட்டூ குத்தியிருக்கிறேன். மூன்று இடத்தில் அதற்காகவே வேண்டாம் என்றார்கள். நாலாவது இடத்தில் வாட்சுக்கு அடியில் மறைகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். மறைந்தது. உலகம் கொஞ்சம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏர் நியூசிலாந்து 2019 செப்டம்பரிலிருந்து வெளியே தெரிகிற டாட்டூவை அனுமதித்துவிட்டது, விர்ஜின் அட்லாண்டிக் 2022-இல். எங்கள் இடத்தில் இன்னும் வாட்ச்தான்.

கேட் பக்கம்

எல்லோரும் பாதுகாப்புக் கதையாகச் சொல்கிறீர்கள். சரி. லிப்ஸ்டிக் எந்தப் பாதுகாப்பில் வருகிறது? எங்கள் மேலாளர் மூன்று நிறம் அடங்கிய அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் உதட்டின் பக்கத்திலும் பிடித்துப் பார்ப்பார். ஹீல்ஸும் கட்டாயம். எட்டு மணி நேரம் நின்று, கடைசி நேரப் பயணியைத் தேடி அடுத்த கேட் வரை ஓடுவதும் அதிலேயே. என் சுண்டுவிரலில் அப்போது விழுந்த காய்ப்பு இன்னும் இருக்கிறது.

ஜப்பானில் 2019-இல் பெண்கள் இதற்காக ஓர் இயக்கமே நடத்தினார்கள். 'குட்சு' என்றால் ஷூ, 'குட்சூ' என்றால் வலி. இரண்டையும் சேர்த்து 'குடூ' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷமே ஜப்பான் ஏர்லைன்ஸ் ஹீல்ஸ் கட்டாயத்தை எடுத்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த வழக்கு ஒன்று உண்டு. லண்டன் ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் செக்-இன் ஊழியர் ஒருவர் 2006-இல் கழுத்தில் சின்னச் சிலுவை தெரிய வேலைக்கு வந்தார். கழற்ற மறுத்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2007-இல் நிறுவனமே விதியை மாற்றிக்கொண்டது. ஆனாலும் அவர் விடவில்லை. 2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நிறுவனத்தின் தோற்றத்துக்கு பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுத்துவிட்டன என்றது. அதே தீர்ப்பில் ஒரு நர்ஸின் வழக்கும் இருந்தது. அதே சிலுவை, அதே சங்கிலி. அவர் தோற்றார். நோயாளி பிடித்து இழுக்கலாம், காயத்தில் படலாம் என்று மருத்துவமனை சொன்ன காரணத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ராம்ப்காரரின் மோதிரம் நர்ஸ் பக்கம். என் லிப்ஸ்டிக் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பயிற்சி தருகிறவள்

கேட் பக்கம் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. அந்த நிற அட்டை எங்களிடமும் இருந்தது, இப்போது இல்லை. யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

தேர்வுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். அழகாக இருக்கிறீர்களா என்று நாங்கள் பார்ப்பதில்லை. பருத் தழும்பு, வரிசை தப்பிய பல், கண்ணாடி எல்லாம் என் குறிப்பில் வராது. நான் பார்ப்பது நகத்தின் உள்பக்கம், சட்டைக் காலரின் மடிப்பு, மூச்சில் சிகரெட் வாசனை. சென்ட்டை அள்ளி ஊற்றிக்கொண்டு வருகிறவர்களும் மாட்டுவார்கள். ஒரு அடி தூரத்தில் நின்று நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பேரிடம் பேசுகிற வேலை. ஆஸ்துமா இருக்கிற பயணி வந்தால் என்ன ஆகும்? புதுமுகத்தின் குதிகாலைப் பார்த்த மேடம் நான் இல்லை. ஆனால் நானும் பின்னால் போய்த்தான் பார்ப்பேன். முன்பக்கத்தை எல்லோரும் தயார்செய்துகொண்டு வருவார்கள்.

புதுமுகம்

போய்விட்டு வந்தேன். முந்தின இரவு தாடியை எடுத்தேன். கண்ணாடியில் யாரோ சின்னப் பையன் மாதிரி இருந்தது. இந்த முறையும் வரிசை, கை, நகம், அப்புறம் பின்பக்கம். காலடிச் சத்தம் என்னிடம் நிற்காமல் தாண்டிப் போனது. எனக்கு இரண்டு பேர் தள்ளி நின்றது. அந்தப் பையனின் சட்டைக் காலருக்குள் விலைச்சீட்டின் பிளாஸ்டிக் நூல் அப்படியே இருந்ததாம்.

முடிவு இன்னும் வரவில்லை. மழித்த இடம் அரிக்கிறது.