ஆர்6-ஐ வித்துட்டு நேக்கட் பைக் எடுக்கலாமா? குழப்பத்துல இருக்கேன்

கிளட்ச்கேபிள்:

வணக்கம் மக்களே. என்கிட்ட இருக்கறது யமஹா ஆர்6, 2017 மாடல், குனிஞ்சு ஓட்டற சூப்பர்ஸ்போர்ட் வண்டி. வண்டில ஒரு குறையும் சொல்ல முடியாது, வளைவுல சாய்ச்சா நினைச்ச லைன்ல அப்படியே போகும். பிரச்சனை எல்லாம் என் உடம்புலதான். டிராஃபிக்ல கொஞ்ச நேரம் ஓட்டுனாலே மணிக்கட்டு ரெண்டும் மரத்துப்போகுது, பின்கழுத்து புடிச்சுக்குது, இடுப்பப் பத்தி கேக்கவே வேணாம். ஓட்டறதுல முக்கால்வாசி ஆபீஸ் போக வர, மிச்சம் லீவு நாள்ல மலைப்பாதை. ரேஸ் டிராக் பக்கம் போயே ரொம்ப காலமாச்சு.

அதான் ஃபேரிங் (காத்துத் தடுக்கற வெளி மூடி) இல்லாம, நிமிந்து உக்காந்து ஓட்டற நேக்கட் பைக் பாக்கறேன். இப்ப மனசுல இருக்கறது யமஹாவோட எம்டி-07, எம்டி-09, அப்புறம் ட்ரையம்ஃப் ஸ்ட்ரீட் ட்ரிப்பிள் ஆர்எஸ். பயம் என்னன்னா 118 பிஎஸ் (குதிரைத்திறன்) ஆர்6-ல இருந்து 73 பிஎஸ் எம்டி-07-க்கு எறங்குனா சீக்கிரமே அலுத்துப்போயிடுமோன்னு. இன்னொரு பக்கம் ஐரோப்பால யூரோ 5 புகை விதி வந்தப்ப 2020-ஓட ரோட்டு ஆர்6-ஐயே யமஹா நிறுத்திட்டான், அப்புறம் டிராக்குக்கு மட்டும்தான்னு ஆயிடுச்சு, அதனால இத வித்துட்டா திரும்ப புதுசா வாங்கவும் முடியாது. இந்த மாதிரி மாறுனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, வருத்தப்பட்டீங்களா இல்லையா?

டார்க்பிரியன்:

ப்ரோ, பிஎஸ் கணக்கு பாத்து பயப்படாதீங்க, அந்த 118 உங்களுக்கு எந்த ஆர்பிஎம்ல கிடைக்குதுன்னு மொதல்ல பாருங்க. 14,500-ல. டார்க்க (சக்கரத்த சுழட்டற முறுக்கு விசை) எடுத்துக்கிட்டாலும் ஆர்6-க்கு 61.7 நியூட்டன் மீட்டர், அதுவும் 10,500-ல. எம்டி-07-க்கு கிட்டத்தட்ட 68, அது 6,500-லயே வந்துடுது. ஆபீஸ் போற வழில 10,500 வரைக்கும் எங்க இழுக்கப் போறீங்க, ஆர்6 மொத கியர்லயே நூறத் தாண்டிடும். ஆக நெசமா நீங்க ஓட்டிட்டு இருக்கறது அந்த எஞ்சினோட தூங்குற பாதிய மட்டும்தான். எம்டி-07 எடுத்தீங்கன்னா சிக்னல்ல இருந்து கிளம்புறப்ப, வளைவுல இருந்து வெளிய வரப்ப, ஆர்6-ஐ விட வேகமா இருக்கற மாதிரிதான் தோணும். அதோட ரெண்டு சிலிண்டரும் சம இடைவெளில வெடிக்காத 270 டிகிரி கிராங்க் வேற, வி-ட்வின் எஞ்சின் மாதிரி தட்டித்தட்டி இழுக்கும், அந்த ஃபீல் புடிச்சுப்போச்சுன்னா நாலு சிலிண்டர் அலறல மறந்துடுவீங்க. (மறக்க மாட்டீங்க, சும்மா சொன்னேன். 12,000-க்கு மேல அது கத்துற கத்தல் வேற எதுலயும் வராது.)

ஆனா நீங்க அலுத்துப்போகப் போறது பவர்ல இல்ல, சஸ்பென்ஷன்ல. பழைய எம்டி-07-ல முன் ஃபோர்க்க அட்ஜஸ்ட் பண்ணவே முடியாது, ரொம்ப மெத்துமெத்துன்னு இருக்கும், ஆர்6-ல பழகுன கைக்கு பிரேக் புடிச்சா மூக்கு குத்துற மாதிரி இருக்கும். 2025 மாடல்லதான் இன்னும் உறுதியான அப்சைட் டவுன் ஃபோர்க்கும் ரேடியல் பிரேக் காலிப்பரும் குடுத்தாங்க. அதனால என் ஓட்டு ஸ்ட்ரீட் ட்ரிப்பிள் ஆர்எஸ்-க்கு. 765 சிசி மூணு சிலிண்டர், பின்னாடி ஓலின்ஸ் சஸ்பென்ஷன், பிரெம்போ பிரேக், மோட்டோ2 ரேஸுக்கு 2019-ல இருந்து போற எஞ்சினோட சொந்தக்காரன். சூப்பர்ஸ்போர்ட்ல இருந்து வரவங்களுக்கு அதுல வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

காத்துக்குஎதிரி:

யாரும் காத்தப் பத்தி பேசவே இல்லையே. நேக்கட் வாங்கறவங்க ஷோரூம்ல உக்காந்து பாத்துட்டு ஆஹா எவ்ளோ சொகமா இருக்குன்னு எடுத்துடறாங்க, அப்புறம் ஹைவேல போனா தெரியும் சங்கதி. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும், 100-ல இருக்கறது 140-ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அது மொத்தமும் உங்க நெஞ்சுலயும் ஹெல்மெட்லயும்தான் வந்து விழும்.

இதுல வேடிக்கை என்னன்னா ஆர்6-ல மணிக்கட்டு வலி டிராஃபிக்லதான் அதிகம், வேகமா போறப்ப கொறையும், கவனிச்சிருப்பீங்க. ஏன்னா காத்து நெஞ்ச கொஞ்சம் தூக்கிப்புடிக்குது, கைல விழற எடை கொறையுது. நேக்கட்ல தலைகீழ். டிராஃபிக்ல ராஜா மாதிரி உக்காந்து போவீங்க, வேகம் ஏற ஏற ஹேண்டில்பாரப் புடிச்சுத் தொங்குவீங்க. அகலமான பார் வேற, கை இறுகுனா அந்த இறுக்கம் நேரா ஸ்டியரிங்குக்குப் போயி வண்டி லேசா ஆடும், வண்டி சரியில்லன்னு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுவாங்க பாவம். முன்னாடி சின்ன ஃப்ளைஸ்கிரீன் (காத்துத் தடுப்பு) போட்டா நெஞ்சுக்கு கொஞ்சம் பரவால்ல, ஆனா சில உயரத்துக்கு அந்தக் காத்து நேரா ஹெல்மெட்ல வந்து மோதி சத்தம் தாங்காது.

உங்க ஓட்டத்துல ஹைவே கொறைவுன்னா இதெல்லாம் பெரிய விஷயம் இல்ல. தூரப்பயணம் வரும்னா அஞ்சு நிமிஷ டெஸ்ட் ரைடு போதாது, ஹைவேல கொஞ்ச தூரம் ஓட்ட விடச்சொல்லி கேளுங்க.

பழையசங்கிலி:

தம்பி, விக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், டேங்க்க முட்டியால கவ்விப் புடிச்சு ஓட்டறியா? பாதிப்பேரு கிளிப்-ஆன்ல (தாழ்வா இருக்கற தனித்தனி ஹேண்டில்) கைய ஊனித்தான் ஒடம்பத் தாங்குறாங்க, மணிக்கட்டு போகாம என்ன செய்யும். டேங்க் ஓரத்துல கிரிப் பேட் ஒட்டு, வயித்துத் தசைல ஒடம்ப நிறுத்து, கை தொளதொளன்னு இருக்கணும், பிரேக் லீவர் கிளட்ச் லீவர் ரெண்டையும் முன்கையோட நேர்கோட்டுக்கு எறக்கி வை. இது காசில்லாத வேல, செஞ்சு பாத்துட்டு அப்புறம் முடிவெடு.

ஆனா ஆர்6-லயே ஒசந்த பார் மாட்டலாம்னு எவனாவது சொன்னா கேக்காத. ஃபேரிங்ல இடிக்கும், பிரேக் ஹோஸ் நீளம் பத்தாது, கேபிள் இழுக்கும், எல்லாம் மாத்தி முடிச்சா அது ஸ்போர்ட்டும் இல்ல நேக்கட்டும் இல்ல, வாங்கவும் ஆள் வரமாட்டான்.

டிராக் போறதே இல்லன்னு நீயே சொல்லிட்ட. கழுத்தும் இடுப்பும் சேந்து வலிக்குதுன்னா லீவர் எறக்குனா மட்டும் தீராது. எனக்கென்னவோ வித்துடலாம்னுதான் படுது.

கிளட்ச்கேபிள்:

எல்லாருக்கும் நன்றி. முட்டி விஷயம் தெரியும்ணா, மலைப்பாதைல தானா வந்துடும், டிராஃபிக்ல பத்தடிக்கு ஒரு தடவ நின்னு கிளம்புறப்ப எங்கேர்ந்து கவ்வறது. அந்த காத்து மணிக்கட்டத் தாங்குதுங்கறது சரியான பாயிண்ட், இவ்ளோ நாள் ஓட்டியும் யோசிச்சதே இல்ல. எம்டி-09 பத்தி யாரும் வாயே தொறக்கலியே? அப்புறம் விக்கறப்ப என்னென்ன பாக்கணும்னும் சொல்லுங்க.

ரெண்டாவதுசாவி:

எம்டி-09 890 சிசி, 93 நியூட்டன் மீட்டர், எடை 190 கிலோவ ஒட்டித்தான். இது எம்டி-07 மாதிரி சாதுவான வண்டி இல்ல, ரெண்டாவது கியர்ல முன் வீல் தூக்கும், எலக்ட்ரானிக்ஸ் புடிச்சு வைக்குதுங்கறதால தப்பிக்கறோம். எஸ்பி (அதோட ஒசந்த வெர்ஷன்) கெடச்சா எஸ்பியே எடுங்க, சஸ்பென்ஷன் பெரிய வித்தியாசம்.

விக்கற கதைக்கு வரேன். சூப்பர்ஸ்போர்ட் வாங்க வரவன் மொதல்ல கேக்கறது கீழ விழுந்துச்சா, டிராக்ல அடிச்சீங்களாங்கறதுதான். பார் எண்டு, லீவர் நுனி, ஃபுட்பெக் நுனி, எஞ்சின் கவர், ஸ்டியரிங் ஸ்டாப் (ஹேண்டில் முழுசா திரும்புனா இடிச்சு நிக்கற இடம்), இதையெல்லாம் கிட்டக்கப் போயி போட்டோ எடுத்துப் போடுங்க, கீறல் இருந்தா கீறலோடவே போடுங்க. மறைச்சா வந்து பாக்கறப்ப கண்டுபுடிச்சு அதுக்கு பத்து மடங்கு கொறைச்சுக் கேப்பான். சர்வீஸ் பில்லு எல்லாம் ஒரே கவர்ல, ரெண்டு சாவியும் கைல. அவன் வரதுக்கு முன்னாடி எஞ்சின சூடு பண்ணி வைக்காதீங்க, வெவரமானவன் கைய வச்சுப் பாப்பான், சந்தேகம் வந்துடும். டெஸ்ட் ரைடு கேட்டா முழுப் பணமும் உங்க கைல வந்தப்புறம்தான் வண்டி அவன் கைல. பேரு மாத்துற பேப்பர் வேலைய அப்புறம் பாத்துக்கலாம்னு எவன் சொன்னாலும் விடாதீங்க, நாளைக்கு அவன் எங்கயாவது மோதுனா உங்க கதவத்தான் தட்டுவாங்க.

ஆஃப்டர்மார்க்கெட் சைலன்சர் மாட்டியிருக்கீங்களா? அதுக்குன்னு யாரும் கூடக் குடுக்க மாட்டாங்க. ஸ்டாக் இருந்தா திரும்ப மாட்டிட்டு, இத தனியா வித்துடுங்க.

கிளட்ச்கேபிள்:

மாட்டியிருக்கேன், ஸ்டாக் சைலன்சர் பரண்ல பத்திரமா இருக்கு. ஸ்டாக் மிரர், டெயில் பிராக்கெட்கூட இருக்கணும், தேடணும். மொதல்ல ஸ்ட்ரீட் ட்ரிப்பிளயும் எம்டி-09 எஸ்பியயும் ஹைவேல ஓட்டிப் பாத்துடறேன், அதுவரைக்கும் ஆர்6-க்கு விளம்பரம் போடல.

டார்க்பிரியன்:

ஓட்டிட்டு வந்து இங்கயே எழுதுங்க. அப்புறம் ட்ரிப்பிள் ஆர்எஸ் சீட் உயரம் 836 மில்லிமீட்டர், ஆர்6 850, அதனால கால் எட்டுமான்னு கவலையே படாதீங்க.