லீடருக்கு எந்த நூல்? மலையிலிருந்து கடலுக்கு இறங்குபவர்களின் அனுபவங்கள்

பண்டாரவளையிலிருந்து:

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் கார்ப் மீன் பிடித்துப் பழகிய பையன்கள் இப்போது மே மாதம் பிறந்து கிழக்குக் கடல் அடங்கினால் போதும், பொத்துவில், பாணமை என்று இறங்கிவிடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது, "அண்ணே, லீடருக்கு புளோரோகார்பனா, சாதாரண தங்கூசியா?" லீடர் என்பது ரீலிலிருந்து வருகிற பிரெய்ட் என்ற பின்னல் நூலின் நுனியில், கொக்கிக்கு முன்னால் கட்டுகிற துண்டு நூல். தங்கூசி என்பது நைலோன் நூல், புளோரோகார்பன் வேறொரு செயற்கை நூல். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி: பிடிக்கப் போகிற மீனின் வாய் எப்படி, தண்ணீருக்கு அடியில் என்ன கிடக்கிறது?

கொடுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுவாவுக்கு அறுக்கிற பல் கிடையாது. வாய்க்குள் பெருவிரலை விட்டுப் பார்த்தால் அரம் மாதிரி சொரசொரப்பு மட்டும்தான். வெட்டுவது செவுள் மூடியின் ஓரம். கொக்கி ஏறியதும் அது தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறும், அந்த உதறலில்தான் நூல் சொரசொரப்பிலும் செவுள் ஓரத்திலும் மாறி மாறி உரசும். அறுகம்குடாவில் களப்பு கடலோடு சேருகிற இடத்தில் என்னோடு நின்ற தம்பி ஒருவர் 20 இறாத்தல் இழுவை தாங்குகிற புளோரோகார்பன் போட்டிருந்தார், விலை கூடிய சாமான்தான். நல்ல மீன் ஒன்று அடித்து, இரண்டு மூன்று துள்ளலோடு போய்விட்டது. சுற்றி எடுத்துப் பார்த்தால் ஒரே வெட்டாக இல்லை, நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாகத் தேய்ந்து போயிருந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் 50 இறாத்தல் சாதாரண தங்கூசியில் அதே மாதிரி மீனை மணலுக்கு ஏற்றினார். உரசலுக்கு முதல் மருந்து தடிப்பு, அப்புறம்தான் நூலின் சாதி. கொடுவாவுக்கு 40க்குக் கீழே போக எனக்கு மனம் வராது.

அப்படியென்றால் புளோரோகார்பன் வீண் செலவா? இல்லை, அதன் வேலை வேறு. ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, புளோரோகார்பனுக்கு ஏறக்குறைய 1.42, நைலோனுக்கு 1.5க்கு மேல். தண்ணீரின் எண்ணுக்குக் கிட்ட இருப்பதால் தெளிந்த தண்ணீரில் புளோரோகார்பன் குறைவாகத் தெரியும். கலங்கிய களப்பில் அந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது எடை: தண்ணீர் 1 என்றால் புளோரோகார்பனின் அடர்த்தி கிட்டத்தட்ட 1.78, நைலோன் 1.14 அளவில்தான். அடியில் இழுக்கிற ஜிக் என்ற பாரமான போலி இரைக்கும் ரப்பர் மீனுக்கும் தாழுகிற நூல் நல்லது. தண்ணீர் மேலே ஓட்டுகிற பொப்பர் என்ற சின்னப் போலி இரைக்கு அதே நூல் மூக்கைக் கீழே இழுத்து ஆட்டத்தைக் கெடுக்கும், அங்கே நைலோன்தான் சரி. பிரெய்ட் அவ்வளவாக இழுபடாது என்பதால், நைலோனின் அந்தக் கொஞ்சம் நெகிழ்வு மீன் அடிக்கிற நேரத்து உலுக்கலையும் வாங்கிக்கொள்ளும்.

ஹட்டனிலிருந்து:

பண்டாரவளை அண்ணன் சொன்ன வாய் விஷயத்துக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. கூரான பல்லுள்ள சீலாவுக்கும் அறக்குளாவுக்கும் தடிப்புக் கணக்கு செல்லாது. திருகோணமலைப் பக்கம் பாறை மேல் நின்று வீசும்போது என் கூட்டாளி 80 இறாத்தல் புளோரோகார்பன் கட்டியிருந்தார், சீலா ஒரே கடியில் லூரோடு, அதாவது போலி இரையோடு, கொண்டுபோனது. நுனி சவரக்கத்தி வைத்த மாதிரி சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. தேய்ந்து அறுந்ததா, வெட்டுப்பட்டு அறுந்ததா என்று நுனியைப் பார்த்தாலே தெரியும். தேய்ந்திருந்தால் தடிப்பைக் கூட்டுங்கள். வெட்டுப்பட்டிருந்தால் லீடர் நுனியில் உலோகக் கம்பி போடுங்கள். ஒரு சாண் கம்பி போதும். நீளமாகப் போட்டால் தெளிந்த தண்ணீரில் பாரை மீன் ஒதுங்கிப் போகும், லூரின் ஆட்டமும் செத்துவிடும். ஒற்றைக் கம்பி மெல்லிசாக இருந்தாலும் கடியைத் தாங்கும், ஆனால் ஒரு தடவை மடிந்துவிட்டால் அந்த மடிப்பிலேயே முறியும், நிமிர்த்திப் பாவிக்காமல் வீசிவிடுங்கள். ஏழு இழைக் கம்பி வளைந்து கொடுக்கும், பல் பட்டால் இழை இழையாகப் பிரியும்.

இன்னொரு விஷயம், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். புளோரோகார்பன் என்று ஒரு கடையில் கொடுத்த சுருள், வீட்டில் கொண்டுவந்து சின்ன எழுத்தை வாசித்தால் வெளியே மட்டும் புளோரோகார்பன் பூசிய நைலோன். விலை மட்டும் முழுசு. ஒரு துண்டை முடிச்சுப் போட்டு தண்ணீர்க் கோப்பையில் அமுக்கி விடுங்கள், அசல் விறுவிறுவென்று அடிக்குப் போகும். பூசியது யோசித்து யோசித்து இறங்கும்.

நானுஓயாவிலிருந்து:

நாங்கள் பதுளை, செங்கலடி வழியாக மட்டக்களப்புக்குப் போகிறவர்கள். வாவித் தண்ணீர் அநேகமாகக் கலங்கல், நான் அங்கே நைலோன் லீடரோடு நிறுத்திக்கொள்வேன். முகத்துவாரத்தில் கல் இருக்கிற பக்கம் போனால் மட்டும் புளோரோகார்பன், அதுவும் இரண்டு கையையும் விரித்த ஒரு பாகத்துக்குக் குறையாமல், ஏனென்றால் கல்லில் முதலில் படுவது பிரெய்ட் என்றால் எந்த லீடரும் காப்பாற்றாது. பிரெய்டுக்கு இழுவிசை எவ்வளவு இருந்தாலும் கல்லில் ஒரு உரசல் போதும்.

பிரெய்டையும் லீடரையும் சேர்க்கிற முடிச்சை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். நான் கட்டுவது எஃப்ஜி முடிச்சு, லீடரில் கட்டு விழாது, பிரெய்ட்தான் அதைச் சுற்றி இறுகும், அதனால் தூண்டில் தடியின் வளையங்களில் தட்டாமல் ஓடும். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும், புளோரோகார்பன் சூட்டில் கெட்டுப்போகிற நூல், காய்ந்த முடிச்சை இழுத்தால் அந்த இடத்திலேயே பலம் போய்விடும். தடித்த புளோரோகார்பன் விறைப்பாக இருப்பதால் லூர் பக்கம் இறுகப் பிடிக்காமல் வளைய முடிச்சுப் போடுங்கள், லூர் சுதந்திரமாக ஆடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு முழத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்றால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கம்பி, சுவிவல் (நூல் முறுக்காமல் சுழலும் இணைப்பு), கொக்கி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். எங்கள் ஊர்ப் பனியில் எதுவும் தானாகக் காயாது, உப்போடு பெட்டியில் போட்டால் அடுத்த பயணத்துக்குள் துருவேறிவிடும். வாசலில் வெயில் படும்படி தொங்கவிட்டிருக்கிற நைலோன் சுருளை எந்தக் கடையிலும் வாங்காதீர்கள், வெயில் நைலோனின் பலத்தைக் குறைக்கும். உள்ளே இருட்டில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.