மாமியார் வீட்டுப் பக்கத்திலா, பொங்கோலிலா?

ஈசூன் மருமகள்: சிங்கப்பூரில் மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு தேடுகிறோம். எனக்குப் பொங்கோல் வட்டாரம் பிடித்திருக்கிறது. ஓடைக்கரையில் காலையில் நடக்கலாம். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி மானியம், சேர்ந்தே வாழ்ந்தால் 30,000. அத்தை விடுவாரா? "கவர்மெண்டே சொல்லுது, பக்கத்துல வந்துடும்மா" என்கிறார். அத்தையோடு பேசிப் பார்க்கலாம், இருபதாயிரத்தோடு எப்படிப் பேசுவது?

பழைய தெம்பனிஸ்காரன்: அரசாங்கம் சொல்வது மாறும். எழுபதுகளில் "இரண்டு பிள்ளைகளோடு நிறுத்துங்கள்" என்றார்கள். 1987இல் "வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்" என்றார்கள். அதற்குள் எங்கள் அம்மாவுக்கு வயதாகிவிட்டது! மானியத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஐந்து வருஷம் அங்கேயே குடியிருக்க வேண்டும். அதை யோசியுங்கள்.

இன்னும் 33: உங்களுக்காவது எங்கே என்பதுதான் கேள்வி. கல்யாணம் ஆகாததால் 35 வரை தனியாக வீவக வீடே வாங்க முடியாது எனக்கு.

முகவர் அக்கா: முதலில் அந்தப் புளோக்கின் இன ஒதுக்கீட்டை, அதாவது ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை வீடு வரை வைத்திருக்கலாம் என்ற வரம்பைப் பாருங்கம்மா. 1989லிருந்து இருக்கிற விதி. இந்தியர், பிற இனத்தவர் பங்கு நிரம்பியிருந்தால் அந்தப் பிரிவினர் விற்கும் வீட்டைத்தான் நீங்கள் வாங்க முடியும். அத்தையோடு சண்டை அப்புறம்.

ஈசூன் மருமகள்: அடடா, பார்த்து வைத்த வீடு சீனர் ஒருவருடையது. இன்றே பார்க்கிறேன் அக்கா.